எல்லைக் கோடும் ஆற்றுக் கணக்கும்

திருத்தணி மலைமேல் நின்று வடக்கே பார்த்தால் நகரிப் பக்கத்து மலைகள் தெரியும். எல்லை தெரியாது. அது நிலத்தில் இல்லை, தாளில் இருக்கிறது. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பட்டாஸ்கர் சமரசம், 1959ஆம் ஆண்டுச் சட்டம் என்று தொடர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் திரும்பி வந்தது. மேடைகளில் இது உணர்ச்சியின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதற்குள்ளே ஒரு கணக்கின் கதையும் இருக்கிறது.

பட்டாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்தார். பெரும்பான்மையின் மொழி எது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவனை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆனாலும் அது எல்லோர் கண்முன்னும் கிடந்த கணக்கு. இரண்டு தரப்பும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட முடிந்தது.

ஆறு இந்தப் பெரும்பான்மைக்குக் கட்டுப்படவில்லை. ஆந்திரப் பக்கத்து மலைநீர் கிருஷ்ணாபுரம் அணையில் தேங்கி, பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலையில் இறங்குகிறது. நகரியாறும் திருத்தணியைத் தொட்டுப் போகும் நந்தியாறும் அதோடு சேர்கின்றன. எல்லா நீரும், சென்னையின் தாகத்துக்காக 1944இல் கட்டி முடித்த பூண்டிக்குப் போய், மிஞ்சியது எண்ணூரில் கடலைத் தொடுகிறது. 2021 நவம்பர் மழையில் மேலே அணை திறந்தபோது பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. இப்படிப்பட்ட நேரங்களில் ஊருக்கு வருவது எச்சரிக்கைதான். 'தண்ணி வருது, கரைப்பக்கம் போகாதீங்க.' எச்சரிக்கை என்பது கட்டளை; கேட்டுக்கொண்டு ஒதுங்க வேண்டும். எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு, யார் முடிவு என்ற தகவல் கையில் இருந்தால்தான் ஊர் திருப்பிக் கேள்வி கேட்க முடியும். அதிகாரம் முன்னதைத் தாராளமாகத் தரும். பின்னதைத் தரத் தயங்கும்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கியது ஆள்வதற்கான அளவை. நிலவியல் துறையின் புரூஸ் ஃபூட் 1863இல் இதே கொசஸ்தலைப் பகுதியில், அத்திரம்பாக்கத்தில், கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவர் எழுதி வெளியிட்டதால்தான் அந்த மண்ணின் பழமை உலகத்துக்குத் தெரிந்தது. அறிவு அப்படி வெளியே போனது. வரைபடம் உள்ளேயே இருந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் கடலோர, எல்லையோர வரைபடங்கள் பாதுகாப்பின் பெயரால் பூட்டியே கிடந்தன. 2005இல் தேசிய வரைபடக் கொள்கை கொஞ்சம் தளர்த்தியது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள் கதவை அகலத் திறந்தன. யாருக்காக? முன்னே நிறுத்தப்பட்டவை இந்திய நிறுவனங்கள். மீனவரும் விவசாயியும் அதே கதவு வழியே நுழைய முடியுமா என்பதுதான் நம் கேள்வி.

எண்ணூர் இதற்குப் பதில் சொல்கிறது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1996இல் ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய இடம். நடைமுறையில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம். ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது, தாளில் மட்டும் செத்துப்போயிருந்தது. அந்தத் தாளை நம்பித்தான் சதுப்பில் ஆலைகள் முளைக்கலாம் என்றானது. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் வெளியே வந்தது. பெரிய ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. மனு, தபால்தலை, விடாப்பிடி, இவ்வளவுதான்.

அதனால் தகவல் பகிர்வை அரசின் கருணை என்று பேசுவதை நாம் நிறுத்தியாக வேண்டும். சென்னை ஏரிகளின் மட்டம் இன்று தினமும் இணையத்தில் வருகிறது. நல்லதுதான். அதே மாதிரி கிருஷ்ணாபுரத்திலிருந்து எண்ணூர் வரை மழையளவு, மதகு திறப்பு, கிணற்று மட்டம், மணல் எடுத்த கணக்கு எல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் பஞ்சாயத்துச் சுவரில் எழுதப்பட வேண்டும். திருத்தணியை மீட்க ஒரு தலைமுறை கிராமக் கணக்கை எடுத்துக்கொண்டு வாதாடியது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் சேர்ந்து ஆற்றுக் கணக்கைக் கேட்கும் போராட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது.