மூன்று சக்கரம் நான்கான கதை

எங்கள் வணிகவியல் வகுப்பில் பருவகாலத் தேவை என்று ஒரு பாடம் உண்டு. மழைக்குக் குடை, வெயிலுக்குக் குளிர்பானம் என்று உதாரணம் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்த உதாரணம் வேறு. சேறு, மணல், பனி எதிலும் ஓடுகிற ஏடிவி வண்டி.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹோண்டா பைக் விற்றவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. குளிர்காலம் வந்தால் பைக் வாங்க ஆளில்லை. அந்த மாதங்களில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளர் பல மாதிரிகளைச் செய்து பார்த்து, மூன்று சக்கரத்தில் வந்து நின்றார். 1970ல் யுஎஸ்90 விற்பனைக்கு வந்தது. 89 சிசி எஞ்சின், விலை 595 டாலர். பிறகு ஏடிசி90 என்று பெயர் மாறியது.

சூட்சுமமெல்லாம் டயரில்தான். காற்றழுத்தம் மிகக் குறைவாக உள்ள, பலூன் மாதிரி உப்பிய டயர். எடை பரந்து விழுவதால் சேற்றில் புதையாது. சஸ்பென்ஷன் தனியாகக் கிடையாது. குலுக்கலைத் தாங்கியதும் டயர்தான். அதனால் காற்றை அளவாக வைப்பதுதான் முதல் பராமரிப்பு.

ஆனால் மூன்று சக்கரம் திருப்பத்தில் எளிதாகக் கவிழும். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுழல்வதால், உடம்பைச் சாய்த்து எடையை மாற்றித்தான் திருப்ப வேண்டும். இது பழகாத பிள்ளைகள் கைக்கும் வண்டி போனது. விபத்தில் இறந்தவர்களில் 16 வயதுக்குட்பட்டவர்கள் பலர்.

1980களின் தொடக்கத்தில் சுஸுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1986ல் ஹோண்டாவின் ஃபோர்டிராக்ஸ் 350 நான்கு சக்கரத்துக்கும் இழுவை தந்தது. 1988ல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனங்கள் மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தின. 90 சிசிக்கு மேற்பட்டவை 16 வயதானவர்களுக்கு மட்டுமே என்ற வரம்பும் வந்தது. அந்த உடன்பாடு 1998ல் முடிந்தது. 2008ல் புதிய மூன்று சக்கர வண்டிகளைச் சட்டமே தடுத்தது.

சரி, நான்கு சக்கரம் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் மாற்றியமைக்கும் ஆசை வருகிறது. சேற்றுக்காகப் பெரிய டயர் போடுகிறார்கள், தண்ணீர் புகாமலிருக்கக் காற்றுக் குழாயை உயர்த்துகிறார்கள். டயர் பெரிதானால் வண்டி உயரும், கவிழும் ஆபத்தும் கூடும். பெல்ட்டுக்கும் அச்சு மூட்டுகளுக்கும் பளு ஏறும். சேற்றில் ஓட்டி வந்ததும் ரேடியேட்டரைக் கழுவி, ஏர் ஃபில்டரையும் அச்சின் ரப்பர் உறைகளையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் பால் நிறமானால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

இவற்றையெல்லாம் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பிள்ளைக்குப் பொருந்தாத பெரிய வண்டியை எந்த ஸ்பானராலும் சரிசெய்ய முடியாது. குளிர்கால விற்பனை கடைக்காரர் கணக்கில் வரவாக ஏறியது. அதற்கான செலவு மட்டும் யார் யார் வீட்டிலோ எழுதப்பட்டது. எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இல்லையே என்பதுதான் என் வருத்தம்.