ஓவியத் தொகுப்பும் காப்புறுதியும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையிற் பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள கரையை ஆழிப்பேரலை தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அன்று இத்துணை உயிர்களை இழந்ததில்லை. அத்துயரின்முன் பொருளிழப்பைப் பேசுதல் சிறுமையெனத் தோன்றலாம். ஆயின், தப்பியோர் தம் இழப்பைக் கணக்கிட முற்பட்டபோது கண்ட இடர்ப்பாடு ஒன்று இக்கட்டுரைக்கு வாயிலாக அமைகின்றது. வீட்டில் இருந்தவை எவை, அவற்றின் பெறுமதி யாது என்பதற்குச் சான்றாக வேண்டிய உறுதிகளும் பத்திரங்களும் அப்பொருள்களோடு ஒருங்கே போய்விட்டன. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ ஒருவர் விலைமதிப்புள்ள ஓவியங்களைச் சேர்க்கப் புகுவாராயின், அவர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இதுவே.

காப்புறுதியின் அடிப்படை நெறியொன்று நம் கடலுக்கு அக்கரையில் நிகழ்ந்த ஒரு வழக்கினாற் பிறந்தது. சுமாத்திராத் தீவின் பெங்கூலனில் ஆங்கிலேயரின் மார்ல்பரோக் கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், ஐரோப்பியப் பகைவர் கோட்டையைக் கைப்பற்றினால் தமக்கு நட்டஈடு கிடைக்குமாறு இலண்டனிற் காப்புறுதி செய்வித்தார். 1760இற் பிரெஞ்சுத் தளபதி தெஸ்தேன் அதனைக் கைப்பற்றினார். கோட்டையின் வலுவின்மையை ஆளுநர் மறைத்தார் என்று கூறிக் காப்புறுதியாளர் பணம் தர மறுத்தார். 1766இல் நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு அளித்த தீர்ப்பு ஆளுநருக்குச் சார்பாயிற்று. ஆயினும், தான் மட்டும் அறிந்த உண்மையை எத்திறத்தாரும் மறைத்தலாகாது என்ற நெறி அத்தீர்ப்பினாலேயே நிலைபெற்றது. 2004ஆம் ஆண்டுப் பேரலையும் அதே தீவின் வடபாற் கடலிலிருந்தே எழுந்ததென்பது நினைக்கத்தக்கது.

இந்நெறி இலங்கைக்கு வந்த வழியும் தெளிவானதே. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கடல்சார் வணிகத்துக்கு ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்தியது. 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தீக்காப்புறுதிக்கும் ஆயுட் காப்புறுதிக்கும் அதனை விரித்தது. காலி வணிகருக்கும் கல்முனை வணிகருக்கும் அதுவே சட்டமாயிற்று.

இனி ஓவியத்துக்கு வருவோம். தையற்பொறி எரிந்தால் அதனையொத்த வேறொன்று கடையிற் கிடைக்கும். பழமைக்கு ஒரு தொகையைக் கழித்து நட்டஈடு வழங்கலாம். ஓவியமோ ஒன்றே ஒன்று. பழமை அதன் விலையைக் குறைப்பதில்லை, பலகாற் கூட்டுகின்றது. ஜோர்ஜ் கீற் வரைந்த படமொன்றை 1940களில் வாங்கியவர் அன்று கொடுத்த விலை இன்றைக்கு அளவாகாது. ஆதலின் இருதிறத்தாரும் பெறுமதியை முன்னரே ஒப்புக்கொண்டு பத்திரத்தில் எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதாது, பத்து இலட்சம் ரூபா பெறும் படத்தை ஐந்து இலட்சத்துக்கே காப்புறுதி செய்தவர்க்கு இரண்டு இலட்சம் சேதமுற்றால் ஒரு இலட்சமே கிடைக்கக்கூடும். எஞ்சிய பாதியை அவர் தாமே காப்புறுதி செய்தவராகக் கருதப்படுவார்.

சேதம் எப்போதும் தீயினாலும் திருட்டினாலுமே வருவதன்று. லாஸ் வேகாஸ் நகரின் விடுதி அதிபர் ஸ்டீவ் வின், பிக்காசோ 1932இல் வரைந்த 'கனவு' என்னும் ஓவியத்தை 13.9 கோடி டொலருக்கு விற்க உடன்பட்டிருந்தார். 2006இல் நண்பர்க்கு அதனைக் காட்டி விளக்குகையில் அவருடைய முழங்கையே திரையைத் துளைத்தது! விற்பனை நின்றது. படம் செப்பனிடப்பட்டது, ஆயினும் அதன் பெறுமதி 8.5 கோடியாகக் குறைந்ததெனக் கூறி அவர் லொயிட்ஸ் காப்புறுதியாளர்மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு இணக்கமாக முடிந்தது. 2013இல் அதே படத்தை முன்பு வாங்கவிருந்தவரே 15.5 கோடிக்கு வாங்கினார். குறைந்ததாகச் சொல்லப்பட்ட பெறுமதி ஏழாண்டில் எங்ஙனம் மீண்டது என்று வினவுதல் தகும். பெறுமதி என்பது எத்துணை நெகிழ்வானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

கட்டுப்பணம் செலுத்தாது காவலை நம்பியோரும் உளர். 1962இல் மோனா லிசா அமெரிக்கா செல்லவிருந்தபோது அதனைப் பத்துக் கோடி டொலராக மதித்தனர். கட்டுப்பணத்தினும் காவற்செலவு குறைவெனக் கண்டு காப்புறுதி செய்யாமலே அனுப்பினர். படம் பழுதின்றித் திரும்பியது. பொஸ்டன் நகரில் இசபெல்லா கார்ட்னர் என்னும் செல்வச் சீமாட்டி திரட்டிய தொகுப்புக்குத் திருட்டுக் காப்புறுதி இருக்கவில்லை. 1990இற் பதின்மூன்று கலைப்பொருள்கள் அங்கிருந்து களவாடப்பட்டன. வெறுஞ் சட்டங்களே அங்கே தொங்குகின்றன.

நம் கரையின் அன்றாடப் பகை வேறு. உப்புக் காற்று, ஈரம், பூஞ்சணம், கறையான் என்பன ஓவியத்தைச் சிறிது சிறிதாக அழிப்பன. இத்தகைய படிப்படியான சிதைவைக் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக விலக்கிவிடுகின்றன, போரையும் அவ்வாறே. பத்திரத்தின் விலக்குகளைப் படியாது கையொப்பமிடுவோரே நம்முட் பலர்.

இவ்வூர்களில் மற்றுமொரு வினாவும் எழும். நிச்சயமின்மையை விலைபேசும் ஒப்பந்தம் மார்க்கத்துக்கு உடன்பாடாகுமா என்பதே அது. 1985இல் ஜித்தாவில் இயங்கும் இஸ்லாமிய சட்டக் கழகம், வணிகக் காப்புறுதியை ஏற்காது கூட்டுறவு முறையை ஏற்றது. அம்முறையிற் பங்காளர் பொதுநிதிக்கு நன்கொடையாக ஈந்து, இழந்தவர்க்கு அந்நிதியிலிருந்து உதவுவர். 'தக்காபுல்' எனப்படும் இம்முறை 1999 முதல் இலங்கையிலும் உண்டு. எனினும், எம்முறையாயினும் பொருளின் விவரணம் வேண்டப்படுவது உறுதி.

விவரணத்தின் ஆற்றலை அறியக் கல்முனையிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் அமைப்பைப் பண்டை நூல்களிலும் உரைகளிலும் எஞ்சிய குறிப்புகளைக் கொண்டே ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். கருவி ஒன்றேனும் கைக்கு எட்டவில்லை. அதனைப் பற்றிய சொற்கள் எட்டின.

ஓவியம் சேர்ப்பவர் எழுதவேண்டிய பட்டியல் அத்துணை அரிதன்று. ஓவியர் பெயர், ஆண்டு, நீள அகலம், வரைந்த பொருள், கையொப்பம் உள்ள இடம், வாங்கிய சீட்டு, முன்புறமும் பின்புறமும் எடுத்த நிழற்படம், மதிப்பிட்டவர் குறிப்பு என்பன போதும். மதிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். அப்பட்டியலின் ஒரு படி ஓவியங்கள் உள்ள வீட்டில் இருத்தலாகாது. கடலுக்கு எட்டாத் தொலைவில், அம்பாறையிலோ கண்டியிலோ உள்ள உறவினர் பெட்டியில் இருத்தல் நன்று.