இருண்ட சாமுராய், நிஞ்சா அனிமேகளும் அவற்றின் வரலாற்றுப் பின்னணியும்

நிலமானிய கால ஜப்பானைக் களமாகக் கொண்டு, வாட்போரையும் ஒற்றர் போரையும் குருதியும் கொடூரமும் மறைக்காமல் காட்டும் அசைபடங்கள் ஜப்பானிய அனிமேயில் ஒரு தனிக் கிளையாக வளர்ந்துள்ளன. ‘ஜூபெய் நிஞ்புச்சோ’ (1993), ‘பசிலிஸ்க்’ (2005), ‘ஷிகுருய்’ (2007), ‘தொரோரோ’ (2019) ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் வரும் மாய வித்தைகள் கற்பனை. ஆயினும் இவை காட்டும் அதிகாரப் போட்டியும், அதில் சிறியவர்கள் பலியாவதும் வரலாற்றில் வேர் கொண்டவை.

போர்க்கால ஜப்பான்

1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் தலைநகர் கியோட்டோவின் பெரும்பகுதி எரிந்து அழிந்தது. அசிக்காகா ஷோகுன்களின் அதிகாரம் பெயரளவில் எஞ்சியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மாநிலத் தலைவர்களான தாய்மியோக்கள் ஒருவரோடொருவர் போரிட்டனர். இக்காலம் ‘செங்கோக்கு’, அதாவது போரிடும் நாடுகளின் காலம் எனப்படுகிறது.

திரைப்படங்களில் வாளே முதன்மை ஆயுதமாகத் தோன்றினாலும், அக்காலப் போர்க்களத்தில் வில்லும் ஈட்டியுமே பெரிதும் பயன்பட்டன. 1543இல் போர்த்துக்கீசியர் வழியாகத் தனேகாஷிமா தீவுக்கு வந்த துப்பாக்கி போர்முறையையே மாற்றியது. 1588இல் டொயோட்டொமி ஹிதேயோஷி உழவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். அதன்பின் ஆயுதம் ஏந்துவோருக்கும் மண்ணை உழுவோருக்கும் இடையிலான பிரிவு இறுகியது.

நிஞ்சாக்கள் யார்?

‘ஷினோபி’ என்று அழைக்கப்பட்ட இவர்களின் பெயர் பெற்ற தாயகங்கள் இரண்டு. ஒன்று இன்றைய மியே மாவட்டத்தில் உள்ள இகா. மற்றொன்று ஷிகா மாவட்டத்தில் உள்ள கோகா. மலை சூழ்ந்த இகாவில் பெரிய தாய்மியோ எவருடைய ஆட்சியும் வேரூன்றவில்லை. சிறு நிலக்கிழார்கள் ஒன்றுகூடி உடன்படிக்கை எழுதித் தம்மைத் தாமே ஆண்டனர். பகைவர் நுழைந்தால் 17 முதல் 50 வயது வரை உள்ளோர் காவலுக்கு வர வேண்டும் என அவ்வுடன்படிக்கை கூறியது. ஒற்று அறிதல், இரவில் கோட்டைக்குள் நுழைதல், தீ வைத்தல் ஆகியவை ஷினோபிகளின் பணிகள். கறுப்பு உடையும் மறைந்து போகும் மந்திரமும் பிற்கால நாடக மேடையிலும் கதைகளிலும் வளர்ந்தவை.

1579இல் ஓடா நொபுநாகாவின் மகன் நொபுகாட்சு இகாவைத் தாக்கித் தோற்றார். 1581இல் நொபுநாகா பெரும்படையைப் பல திசைகளிலிருந்தும் அனுப்பினார். ஊர்களும் கோயில்களும் எரிக்கப்பட்டன, போரிடாதவர்களும் கொல்லப்பட்டனர். இகாவின் தன்னாட்சி அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டு நொபுநாகா கியோட்டோவில் தம் தளபதியின் துரோகத்தால் மாண்டார். அப்போது சாக்காய் நகரில் இருந்த டோக்குகாவா இயெயாசு, இகா மக்களின் துணையோடு மலை வழியே தம் மாநிலத்துக்குத் தப்பினார். அதற்குத் துணைநின்றவராக ஹத்தோரி ஹான்சோ நினைவுகூரப்படுகிறார். 1603இல் இயெயாசு ஷோகுன் ஆனபின், இகா மக்களில் பலர் எடோ கோட்டையின் காவல் பணியில் அமர்ந்தனர். ஒரு காலத்தில் எவருக்கும் தலைவணங்காத ஊரார், ஒரு குடும்பத்தின் வாயிற்காவலர் ஆயினர்.

ஓர் இளவரசன், இரு அனிமேகள்

இரண்டாம் ஷோகுன் ஹிதெதாதாவின் மகன்களுள் இருவரிடையே வாரிசுப் போட்டி எழுந்தது. மூத்தவர் தாகெச்சியோ, இளையவர் குனிச்சியோ. பெற்றோரின் அன்பு இளையவர் பக்கம் இருந்தது என்றும், மூத்தவரின் செவிலித்தாய் ஓஃபுக்கு இயெயாசுவிடம் முறையிட்டார் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. இயெயாசு மூத்தவரையே தேர்ந்தார். அவர் 1623இல் இயெமிட்சு என்ற பெயரில் மூன்றாம் ஷோகுன் ஆனார்.

எழுத்தாளர் யமடா பூதாரோ 1958–59இல் எழுதிய புதினம் இவ்வாரிசுப் போட்டியை எடுத்துக்கொண்டது. யாரை வாரிசாக்குவது என முடிவுசெய்ய இகாவிலிருந்து பத்துப் பேரும் கோகாவிலிருந்து பத்துப் பேரும் மோதவிடப்படுகின்றனர். காதலர் இருவர் எதிரெதிர் அணிகளில் நிற்கின்றனர். இருபது பேரில் ஒருவரும் உயிர் பிழைப்பதில்லை. இப்புதினம் செகாவா மசாகியின் மங்காவாகவும், அதிலிருந்து 24 பகுதிகள் கொண்ட ‘பசிலிஸ்க்’ அனிமேயாகவும் உருப்பெற்றது.

தோற்ற இளவரசனின் கதை ‘ஷிகுருய்’ அனிமேயில் தொடர்கிறது. தடநாகா என்ற பெயரில் வளர்ந்த குனிச்சியோ, சுருகா மாநிலத்தின் தலைவரானார். நாஞ்ஜோ நோரியோவின் புதினத்தையும், அதைத் தழுவிய யமாகுச்சி தகாயுகியின் மங்காவையும் அடிப்படையாகக் கொண்ட இந்த அனிமே 1629இல் தொடங்குகிறது. மரவாளுக்குப் பதில் கூர்வாளால் போட்டி நடத்தத் தடநாகா கட்டளையிடுகிறார். அரங்கிற்கு வரும் இருவரில் ஒருவருக்குக் கை ஒன்று இல்லை. மற்றவருக்குப் பார்வை இல்லை. அவர்கள் அந்நிலைக்கு எப்படி வந்தனர் என்பதே கதை.

இப்போட்டி கற்பனை. தடநாகாவின் முடிவு கற்பனை அன்று. கொடுஞ்செயல்கள் புரிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, மாநிலத்தை இழந்து, தகாசாகியில் காவலில் வைக்கப்பட்ட அவர், கான்எய் 10ஆம் ஆண்டின் இறுதி மாதத்தில், தம் 30 வயதுக்கு முன்னரே, வயிற்றைக் கிழித்து உயிர்விட நேர்ந்தது. ஷோகுனாக இருந்தவர் அவருடைய உடன்பிறந்த அண்ணனே.

வன்முறையின் நோக்கம்

இவ்வகைக் கதைகளுக்குப் பாதை அமைத்தவர்களுள் ஷிராதோ சன்பெய் முக்கியமானவர். 1959 முதல் 1962 வரை வெளிவந்த அவரது ‘நிஞ்ஜா புகெய்ச்சோ’ உழவர் எழுச்சிகளைப் பற்றியது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிராக 1960இல் மாணவர்கள் வீதிக்கு வந்த காலத்தில் அது இளைஞரிடையே பரவியது. 1964இல் அவர் தொடங்கிய ‘கமுய்’ கதையின் நாயகன் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவன். நிஞ்சா கூட்டத்திலிருந்து தப்பியோடும் அவனைப் பழைய தோழர்களே வேட்டையாடுகின்றனர். இதன் கிளைக்கதை 1969இல் அனிமே ஆனது. அக்குடிகளின் இழிநிலையைச் சட்டம் நீக்கியது 1871இல்தான். வழக்கத்தில் அதன் பின்னும் நீடித்தது.

தெசுகா ஒசாமுவின் ‘தொரோரோ’ (1967) மங்காவில், ஆட்சி வேண்டும் தந்தை தன் குழந்தையின் உடலுறுப்புகளைப் பேய்களுக்குக் கொடுத்துவிடுகிறான். 2019 அனிமே இன்னொரு கேள்வியைச் சேர்க்கிறது. அந்தப் பலியால் நாடு செழிக்கிறது. மகன் உறுப்புகளை மீட்க மீட்க நாடு வாடுகிறது. பலரின் நலனுக்காக ஒருவனைப் பறிப்பது அறமா என்பதே அக்கேள்வி.

எல்லாப் படைப்புகளும் இவ்வளவு ஆழம் கொண்டவை அல்ல. கவாஜிரி யோஷியாகி இயக்கிய ‘ஜூபெய் நிஞ்புச்சோ’ முதன்மையாக விறுவிறுப்பான சண்டைப் படம். அதிலும் ‘ஷிகுருய்’ அனிமேயிலும் பெண்கள் மீதான வன்கொடுமைக் காட்சிகள் உள்ளன. இவை வயதுவந்தோருக்கானவை.

வரலாறு பயில்வோர் இப்படைப்புகளில் ஆண்டுகளையும் போர்களையும் தேடினால் ஏமாற நேரும். ஆயினும் வெற்றி பெற்றோர் எழுதிய குறிப்புகளில் பெயர் பெறாத உழவர், ஒற்றர், கடைநிலைச் சாமுராய் ஆகியோர் இவற்றில் முகம் பெறுகின்றனர். டோக்குகாவா ஆட்சி தந்த இரண்டரை நூற்றாண்டு அமைதி பெரும் சாதனை. அந்த அமைதிக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று இக்கதைகள் கேட்கின்றன.