குழாய்க்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி

கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுனில், 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளிக்குப் போகும் தெருவில், பழம்பொருள் கடைகள் வாசலில் நிறுத்தி வைப்பது பித்தளைக் குழாய் கிராமபோனை. பளபளக்கும் பூவிதழ்க் குழாய், எட்டுப்பட்டை மரப்பீடம், முன்னால் நாய் படம். ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மணந்த கிட்டங்கிகளில் இன்று இதுதான் போட்டோவுக்கு நிற்கிறது. இவற்றில் பெரும்பாலானவை வட இந்தியப் பட்டறைகளில் அண்மைக் காலத்தில் கோத்துக் கட்டியவை. பாதிப் பொய் என்று சொல்லலாம். மீதிப் பாதி பீடத்துக்குள் இருக்கிறது.

பீடத்தைக் கழற்றினால், பல சமயம் உள்ளே சுழல்வது ஏதோ ஒரு கையடக்க கிராமபோனின் அசல் ஸ்பிரிங் மோட்டார். எச்.எம்.வி. 102 அப்படிப்பட்ட ஒரு பெட்டி. 1931இல் வந்தது. சூட்கேஸ் மாதிரி கைப்பிடி. மூடியைத் திறந்து சாவி கொடுத்தால் பாடும். குழாய் இல்லாமல் இல்லை, பெட்டிக்குள்ளேயே மடித்து ஒளித்திருந்தார்கள். மின்சாரம் எட்டாத ஊருக்கும் தூக்கிப் போகலாம். மோட்டாரில் மூன்று குட்டி எடைகள் சுற்றிக்கொண்டே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். நிமிடத்துக்கு 78 சுற்று. அது பாடிய இசைத்தட்டுகூட நம் மண்ணின் சரக்குதான்: சோட்டா நாக்பூர் காடுகளின் அரக்கோடு கல்தூளைக் கலந்து, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சிட்டார்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி.

மின்சாரமும் எல்.பி. தட்டும் வந்தபோது பெட்டி பரணுக்கு ஏறியது. ஊசியைப் பிடித்திருக்கும் அதன் கனத்த சவுண்ட் பாக்ஸ் எல்.பி.யின் மெல்லிய வரிகளை உழுதுவிடும் என்பதால் புதுத் தட்டோடு ஒத்துப்போக வழியே இல்லை. பரணிலிருந்து காயலான் கடை. அங்கே யாரோ குடலை மட்டும் உருவி எடுத்து, பித்தளைக்கு அடியில் வைத்தார்கள்.

எனக்கு எரிச்சல் இங்கேதான். போலியைச் செய்ய அசலைக் கொல்கிறார்கள். வாங்குபவர் கண் குழாயைத்தான் தேடுகிறது. குழாயில்லாத கறுப்புப் பெட்டி ‘பழசு’ மாதிரி தெரிவதில்லை. மெஹ்பூபும் உம்பாயியும் பாடிய ஊரில், கேட்பதற்கென்று செய்த பொருளைப் பார்ப்பதற்கென்று விற்கிறார்கள்.

முழுசான 102 ஒன்று கண்ணில் பட்டால், முதலில் சாவி கொடுத்துப் பாருங்கள். தட்டு மெதுவாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், உள்ளே கிரீஸ் கெட்டியாகியிருக்கும். சுத்தம் செய்தால் சரியாகும். சவுண்ட் பாக்ஸின் ரப்பர் வளையங்கள் இறுகிக் கல்லாகியிருக்கும், மாற்றலாம். ஸ்பிரிங் அறுந்திருந்தால் மட்டும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதை நீங்களே பிரிக்க வேண்டாம்: டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் அந்த எஃகு நாடா கையைக் கிழித்துவிடும்.