எஸ்ஏடி தேர்வை மறுபடி எழுதலாமா? ஒரு நூற்றாண்டுக் கதை



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், பொண்ணு எஸ்ஏடியில 1390 வாங்கியிருக்கா. மறுபடி எழுதச் சொல்லலாமா, போதும்னு விட்டுடலாமா?" தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் முதலில் வரலாறுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வு முதன்முதலில் நடந்தது 1926 ஜூன் 23 அன்று. சுமார் 8,000 பேர் எழுதினார்கள். தொண்ணூற்றுச் சொச்சம் நிமிடங்களில் 315 கேள்விகள்! இதை வடிவமைத்த குழுவின் தலைவர் கார்ல் பிரிகாம், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் பதினேழு லட்சம் பேருக்கு நடத்திய அறிவுத்திறன் சோதனைகளை ஆராய்ந்து 1923இல் ஒரு நூல் எழுதினார். சில இனத்தார் பிறவியிலேயே அறிவில் உயர்ந்தவர்கள் என்பது அதன் சாரம். அந்த ராணுவச் சோதனையின் வழியில் வந்ததுதான் எஸ்ஏடி. பெயரிலேயே 'ஆப்டிட்யூட்' என்று வைத்தார்கள். பிறவித் திறன் என்று பொருள் கொள்ளும்படியான சொல்.

நம் கேள்விக்கான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிறவித் திறனை அளக்கிற தேர்வு என்றால் மறுபடி எழுதி என்ன பயன்? உயரத்தை இரண்டாம் முறை அளந்தால் வளர்ந்துவிடுமா? பிரிகாமே 1930இல் தன் நூலின் முடிவுகள் ஆதாரமற்றவை என்று எழுதி விலக்கிக்கொண்டார். ஆனால் 'ஆப்டிட்யூட்' என்ற சொல் 1990கள் வரை தேர்வின் பெயரில் இருந்தது.

தேர்வுக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. 1930களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக வந்த ஜேம்ஸ் கோனன்ட், பணக்காரப் பள்ளிகளுக்கு வெளியே இருக்கும் கெட்டிக்காரப் பையன்களைக் கண்டுபிடித்து உதவித்தொகை தர விரும்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி எஸ்ஏடி. பெயர் தெரியாத ஊரில் படித்த பிள்ளைக்கும் ஒரு கதவு திறந்தது என்பதை மறுக்க முடியாது.

அடுத்து வருகிறவர் ஸ்டான்லி கப்லான். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்துப் பையன். நன்றாகப் படித்தும் மருத்துவக் கல்லூரிகள் இடம் தரவில்லை. தான் யூதன், படித்தது அரசுக் கல்லூரி என்பவைதான் காரணம் என்று நம்பினார். பெற்றோர் வீட்டின் நிலவறையில் டியூஷன் நடத்தினார். 1946இல் எஸ்ஏடிக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பயிற்சியால் இந்த மதிப்பெண் ஏறாது என்று தேர்வை நடத்தியவர்கள் பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். கப்லானின் மாணவர்களுக்கோ ஏறியது. 1979இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஆராய்ந்து, பயிற்சியால் ஒவ்வொரு பகுதியிலும் சுமார் 25 மதிப்பெண் வரை கூடக்கூடும் என்றது. பெரிய தொகை இல்லை. ஆனால் 'ஏறவே ஏறாது' என்ற வாதம் அத்துடன் முடிந்தது.

கப்லான் தேர்வுகளின் எதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன்னைப் போன்ற பையனுக்குச் சிபாரிசைவிடத் தேர்வே நியாயம் செய்யும் என்று நினைத்தவர் அவர்.

பிறகு விதிகளும் மாறின. எந்த முறை எழுதிய மதிப்பெண்ணை அனுப்புவது என்று மாணவரே தேர்ந்தெடுக்கும் வசதி 2009இல் வந்தது. ஒரு முறை கணிதத்தில் எடுத்த உயர்ந்த மதிப்பெண்ணையும் இன்னொரு முறை ஆங்கிலத்தில் எடுத்ததையும் சேர்த்துக் கணக்கிடும் 'சூப்பர் ஸ்கோர்' முறையைப் பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன.

2020இல் மூன்று பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நூறின் மடங்குக்குச் சற்றுக் கீழே, 1190 போல, வாங்கியவர்கள் 1200 வாங்கியவர்களைவிட அதிகமாக மறுபடி எழுதுகிறார்கள். இரு தரப்புக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே மறுபடி எழுதுவதன் பலனைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. மதிப்பெண் கூடியது, நான்காண்டுக் கல்லூரியில் சேர்வோரும் கூடினார்கள். ஏழை மாணவர்களுக்கும் சிறுபான்மை இனத்தவருக்கும் பலன் அதிகம். ஆனால் மறுபடி எழுதுவது எழுதியவர்களில் பாதிப் பேர்தான். இந்தப் பிள்ளைகள் அதைவிடக் குறைவாகவே எழுதுகிறார்கள். இரண்டாம் வாய்ப்பு யாருக்கு மிகவும் உதவுமோ, அவர்கள்தான் முதல் மதிப்பெண்ணையே தங்கள் அளவு என்று நம்பி ஒதுங்கிவிடுகிறார்கள். பிரிகாம் போட்ட முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

இனி, கேட்டவர்களுக்கு என் பதில்.

முதலில் கல்லூரிகளின் பட்டியலைப் போடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. சேர்ந்த மாணவர்களில் நடுப்பாதியினர் வாங்கிய மதிப்பெண் வரம்பைக் கல்லூரிகள் வெளியிடுகின்றன. பெண் அந்த வரம்பின் மேல்பகுதியில் இருந்தால் விட்டுவிடுங்கள். கீழே இருந்தால் யோசிக்கலாம்.

1390 என்பது கல்லில் செதுக்கிய எண் கிடையாது. அதே பெண் அடுத்த வாரம் எழுதினாலும் மொத்தத்தில் 40 வரை ஏறலாம், இறங்கலாம் என்று தேர்வை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். வெறும் 10, 20க்காக ஒரு கோடையை வீணாக்க வேண்டாம்.

முக்கியமான கேள்வி, முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் என்ன மாறப்போகிறது என்பது. எந்தப் பாடப்பகுதியில் தவறியது என்று தெரிந்து, அதைப் படிக்க இரண்டு மூன்று மாதம் இருந்தால் தாராளமாக எழுதலாம். எதுவும் மாறாமல் அதிர்ஷ்டத்தை நம்பி எழுதுவதானால் வேண்டாம். காசு கொட்டிக்கொடுக்க அவசியமில்லை. கான் அகாடமியில் 2015 முதல் இலவசப் பயிற்சி இருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். அவர்களோடு படிக்கிற, வீட்டில் கல்லூரிப் படியேறிய யாரும் இல்லாத பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். வசதியில்லாதவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு, பள்ளி ஆலோசகரிடம் கேட்டாலே போதும்.

எழுதுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பெண்ணே முடிவு செய்யட்டும். எழுதப்போவது அவள்தான். எது முடிவானாலும் அவளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்