மெட்ராஸில் எழுதிய உயில்

காஞ்சிபுரத்துக்காரர் தன் ஊரிலேயே இருந்து அந்த ஊர் நிலத்துக்கு உயில் எழுதினால், வாரிசு அதைக் கொண்டே உரிமை கேட்கலாம். அதே நிலத்துக்கான உயிலை அவர் மெட்ராஸ் திருவல்லிக்கேணியில் எழுதியிருந்தால், 2025 வரை ஹைகோர்ட்டில் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்ற கோர்ட் சான்று, வாங்கியே தீர வேண்டியிருந்தது. தம்புச் செட்டித் தெருவில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது, இதைக் கேட்டுத் திகைக்காத கட்சிக்காரர் குறைவு. “அப்பா ரிஜிஸ்டரே பண்ணி வெச்சிருக்காருங்களே, அப்புறம் எதுக்குக் கோர்ட்டு?” என்பார்கள்.

இந்தப் புரோபேட் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வழக்கம். உயிலுக்குப் புரோபேட் தரும் அதிகாரத்தை 1726ஆம் ஆண்டின் அரச சாசனம் மெட்ராஸ் மேயர் கோர்ட்டுக்குக் கொடுத்தது. இந்துக்களுக்கு உயில் எழுதும் உரிமை உண்டா என்பது அதற்குப் பிறகும் நெடுங்காலம் தெளிவில்லாமல் கிடந்தது. பச்சையப்ப முதலியாரின் உயிலைப் பாருங்கள். கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் சொத்தை எழுதிவைத்துவிட்டு 1794இல் அவர் காலமானார். பணம் பல ஆண்டுகள் வழக்கில் சிக்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சி எடுத்து, அன்றைய மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட் திட்டம் வகுத்த பிறகே, சேர்ந்திருந்த தொகையிலிருந்து 1842இல் பச்சையப்பன் பள்ளி பிறந்தது. எழுதியவரின் மனசு சுத்தமாக இருந்தும், நிறைவேற்ற சரியான ஆள் இல்லாததால் ஒரு தலைமுறைக்கு மேல் வீணாயிற்று. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

1870இல் இந்து உயில் சட்டம் வந்தது. வங்காளத்துக்கும், மெட்ராஸ், பம்பாய் நகரங்களுக்கும் மட்டும். அந்த எல்லைக்கோட்டை 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் 57, 213ஆம் பிரிவுகளில் அப்படியே வைத்துக்கொண்டது. முஸ்லிம்களுக்கு இந்தப் புரோபேட் கட்டாயம் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் நீங்கியது. ஊரையும் மதத்தையும் பார்த்துச் சுமத்திய இந்தச் சுமை அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வக்கீல் தேடுவதிலும் பலர் தடுமாறினார்கள். நிலத் தகராறில் கெட்டிக்காரர் எல்லோருக்கும் புரோபேட் நடக்கும் ஹைகோர்ட் ஒரிஜினல் சைடு பழக்கம் இருக்காது. ஓ.பி. என்ற மனு போட வேண்டும், அசல் உயில், இறப்புச் சான்று, சொத்து விவரம், மற்ற வாரிசுகளின் சம்மதம், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் அபிடவிட் எல்லாம் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டு ரிட்டர்ன் ஆகும். நம்பர் ஆகவே மாதங்கள் ஓடும். யாராவது கேவியட் போட்டு எதிர்த்தால் ஓ.பி., டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காக மாறிவிடும். பிறகு அது முழு வழக்கு. அதனால் வக்கீலிடம் ஃபீஸைக் கேட்பதற்கு முன், “இதுவரை எத்தனை டி.ஓ.எஸ். நடத்தியிருக்கீங்க?” என்று கேளுங்கள் என்பேன்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213ஆம் பிரிவை நீக்கியது. கட்டாயம்தான் போயிற்று, புரோபேட் போகவில்லை. தகராறு வந்தால் உயிலை இன்னும் மெய்ப்பித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் வீட்டு உயிலை எடுத்து, சாட்சிகள் இருவரும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.