கைநாட்டு யாருடைய விருப்பம்?

“நாங்களா இழுத்துக்கிட்டு வந்தோம்? அவனா வந்தான், அவனா அட்வான்ஸ் வாங்கினான், அவனா கைநாட்டு வெச்சான். அப்புறம் என்ன கொத்தடிமை, கித்தடிமை?” கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் பிடிக்கிறவர்கள் வாயில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் கல்லாவிப் பக்கத்திலிருந்து ஒசூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போகிற சேரி சனத்தில் பலருக்கு முன்பணம்தான் முதல் படி. அந்த ‘அவனா’ என்கிற ஒரு சொல்லை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கலாம். இது ஏதோ மேஸ்திரியின் வாய்ச்சாமர்த்தியம் இல்லை. இதற்கு 200 வருஷத்துக்கு மேலான தத்துவப் பின்னணி இருக்கிறது.

ஐரோப்பாவின் 18ஆம் நூற்றாண்டை அறிவொளிக் காலம் என்கிறார்கள். நியூட்டனுக்குப் பிறகு உலகமே காரண காரியச் சங்கிலியாகத் தெரிந்தது. கல் விழக் காரணம் உண்டு. மனிதன் செய்கிற எல்லாவற்றுக்கும் அப்படியே காரணம் உண்டென்றால், அவனை எப்படி நல்லவன், கெட்டவன் என்று சொல்வது? ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் (1724–1804) தன் 1785, 1788 நூல்களில் இதற்குப் பதில் தேடினார். இயற்கையின் பக்கமிருந்து பார்த்தால் மனிதனும் சங்கிலியில் ஒரு கண்ணிதான். ஆனால் ‘இதைச் செய்ய வேண்டும்’ என்று அவனுக்குள் ஓர் அறக்கட்டளை ஒலிக்கிறது. செய்ய முடியாதவனைப் பார்த்துச் ‘செய்’ என்பதில் அர்த்தமில்லை. ஆகவே அவன் சுதந்திரமானவன். அந்த அறச்சட்டத்தைக் கடவுளோ அரசனோ தரவில்லை. மனிதனின் பகுத்தறிவு தனக்குத்தானே விதித்துக்கொள்கிறது. பொருளுக்கு விலை உண்டு. மனிதனுக்கு விலை கிடையாது, கண்ணியம் உண்டு. அவனை வெறும் கருவியாக நடத்தக் கூடாது.

சேரியிலிருந்து படிக்க வருகிறவனுக்கு இதை வாசித்தால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். நமக்குச் சொல்லப்பட்டது வேறு கதை. நீ இந்தத் தெருவில் பிறந்ததே போன ஜென்மத்து வினை. உன் சாதிக்கு விதித்ததைச் செய், அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே பொறுப்பு மட்டும் உன்னுடையது, விருப்பம் உன்னுடையதல்ல. சாதிக்கு ஒரு நீதி. எல்லாருக்கும் பொதுவாக முடியாத ஒன்றைக் காண்ட் அறமென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் அதே காண்ட் 1797இல் எழுதிய சட்டத் தத்துவத்தில் குடிமக்களை ஓட்டுரிமை உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரிக்கிறார். பிழைப்புக்கு இன்னொருவரைச் சார்ந்திருக்கிற வேலைக்காரர், கூலிக்கு விறகு வெட்டுகிறவர், பெண்கள் எல்லாரும் இரண்டாம் வகை. உதாரணம் ஒன்றை நம் நாட்டிலிருந்தே எடுக்கிறார்: சுத்தியலும் பட்டறைக்கல்லும் துருத்தியும் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய் வேலை செய்கிற இந்தியக் கொல்லன். செய்த சரக்கைத் தானே விற்கிற ஐரோப்பியக் கொல்லனுக்கு ஓட்டு. உழைப்பை மட்டும் விற்கிறவனுக்கு இல்லை. மனிதர் என்ற வகையில் இவர்களும் சுதந்திரமானவர்கள்தான், மேலே வர வழி இருக்க வேண்டும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அதை மறைக்க வேண்டியதில்லை. சார்ந்து வாழ்கிறவனின் விருப்பம் முழுசாக அவனுடையதல்ல என்பது காண்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் உரிமை பறிபோனது சார்ந்து நிற்க வேண்டியிருந்தவனுக்கு. சார்ந்து நிற்க வைத்தவனுக்கு அல்ல.

வெள்ளைக்காரச் சட்டமும் இதே வழியில்தான் போனது. 1843இன் 5ஆம் சட்டம், அடிமைமேல் எசமானுக்குள்ள உரிமையைக் கோர்ட்டு இனி நிலைநாட்டாது என்றது. அடிமை ஒரே நாளில் சுயவிருப்பம் உள்ள மனிதன் ஆனான். ஆனால் அந்தச் சட்டம் அவனுக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. 16 வருஷம் கழித்து 1859இன் 13ஆம் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வராவிட்டால், வேலையைச் செய் அல்லது பணத்தைத் திருப்பு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல். சென்னை மாகாணத்துத் தோட்டத் துரைமாருக்கு இது நல்ல ஆயுதமானது. முன்னே அடிமை ஓடினால் எசமானின் ஆள் பிடித்து வந்தான். இப்போது சுதந்திர மனிதன் ஓடினால் அரசாங்கமே பிடித்துக் கொடுத்தது. ஏனென்றால் அவன் ‘தானாக’ ஒப்பந்தம் செய்தவன்! இதை நீக்கச் சட்டம் வந்தது 1925இல்.

அந்தக் காலத்தில் கல்லாவி சேலம் ஜில்லாவில் இருந்தது. சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களின் சேரிகளிலிருந்து சனங்கள் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தில் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அவர்கள் 1930இல், விரல்ரேகை எடுத்துப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கைநாட்டு வைக்க மாட்டோம் என்றார்கள். சுயவிருப்பம் என்பது என்னவென்று காட்ட எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை. ஒத்தை ஆளாக முதலாளி முன்னால் நிற்கும்போது வராத ‘முடியாது’, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நின்றபோது வந்தது.

அம்பேத்கர் இதை அறவியல் கேள்வியாகவே எடுத்தார். 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் விதிகளையும் கோட்பாடுகளையும் பிரிக்கிறார். விதி, இன்னது செய் என்று கட்டளையிட்டு முடித்துவிடும். கோட்பாடு, யோசித்துத் தேர்ந்து பொறுப்பேற்கச் சொல்லும். வெறும் விதிகளாகிப்போன மதத்தில் பொறுப்புக்கு இடமில்லை. பொறுப்பில்லாத இடத்தில் அறமும் இல்லை. காண்ட்டின் தன்னாட்சிக்கு இது பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் அம்பேத்கர் விருப்பத்தைத் தனிமனிதனின் மனசுக்குள் பூட்டி வைக்கவில்லை. சுதந்திரத்தோடு சமத்துவமும் சகோதரத்துவமும் சேர வேண்டும் என்றார்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சூளைக்குப் போன கதையை இப்படிச் சொல்வார்: “கைநாட்டு வெச்சது நான்தாம்பா. அன்னிக்கி எம்மவளுக்குக் காய்ச்சல். கையில ஒத்த ரூவா இல்ல. கை என்னுது, வெச்சது காய்ச்சல்.” இவர் சொன்னதைத்தான் உச்ச நீதிமன்றம் 1982இல் வேறு பாஷையில் சொன்னது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் பலவந்தம்தான், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டம் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே வந்த 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கடனால் மட்டுமல்ல, குறிப்பிட்ட சாதியில் பிறந்ததால் வரும் கட்டாய உழைப்பையும் கொத்தடிமை முறை என்றே எழுதி வைத்திருக்கிறது.

சுயவிருப்பம் என்பதே பொய் என்று நாம் தூக்கிப் போட்டுவிட முடியாது. போட்டால் பழைய விதி, வினைக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். நாம் செய்ய வேண்டியது, பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டுவது. கைநாட்டு வைத்த நாளில் அவனுக்கு இருந்த வழி ஒன்று. எதிரே உட்கார்ந்து பணம் எண்ணியவனுக்குப் பல வழி இருந்தது: சட்டக் கூலி கொடுத்திருக்கலாம், கடனை வேலையோடு முடிச்சுப் போடாமல் இருந்திருக்கலாம். சுதந்திரமாகத் தேர்ந்தவன் அவன்தான். 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. தொழிலாளி ‘இது கொத்தடிமைக் கடன்’ என்று சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவனுடையது. தாசில்தார் ஆபீசில் அந்தக் கைநாட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினால், நம் பிள்ளைகள் தொழிலாளியைத் திரும்பிப் பார்க்காமல் நீட்டியவனைக் கேட்க வேண்டும்: “சரி, நீ ஏன் வாங்கினே?”